வீடு முதலில், கோச் அப்புறம்: டெக்சஸ் பள்ளி விளையாட்டும் யுஐஎல் விதிகளும்

கேள்வி: ஜூலையில் நியூ ஜெர்சியிலிருந்து டாலஸ் பக்கம் குடிவருகிறோம். மகள் பத்தாம் வகுப்பு போகிறாள். பழைய பள்ளியில் டென்னிஸ் அணியில் ஆடியவள். நல்ல கோச் இருக்கும் பள்ளியாகப் பார்த்துச் சேர்த்துவிட்டு, வீட்டை அப்புறம் பார்த்துக்கொள்ளலாமா?

பதில்: வேண்டாம். வீட்டை முதலில் பாருங்கள். டெக்சஸில் ஒரு பிள்ளை வார்சிட்டி (பள்ளியின் முதன்மை) அணியில் இறங்க முடியாமல் போவதற்கு ஆட்டத்தைவிட முகவரியும் படிவமும் தேதியும்தான் அதிகம் காரணமாகின்றன.

அரசுப் பள்ளிகளின் போட்டிகளை நடத்துவது யுஐஎல், அதாவது யுனிவர்சிட்டி இன்டர்ஸ்கொலாஸ்டிக் லீக். ஆஸ்டினில் உள்ள டெக்சஸ் பல்கலைக்கழகத்தின் கீழ் 1910 வாக்கில் பேச்சுப் போட்டி அமைப்பாகத் தொடங்கியது இது. அது ஆள் பொறுக்குவதில்லை, பயிற்சி தருவதில்லை. எந்தப் பள்ளி யாரோடு மோதும், யார் ஆடத் தகுதியுள்ளவர் என்ற இரண்டையும்தான் தீர்மானிக்கிறது.

பள்ளிகளை மாணவர் எண்ணிக்கைப்படி 1ஏ முதல் 6ஏ வரை ஆறாகப் பிரிப்பார்கள். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை அக்டோபர் எண்ணிக்கையை வைத்துப் பிப்ரவரியில் புதுப் பட்டியல் வரும். 2024 பட்டியலில் 2,275 மாணவர்களும் அதற்கு மேலும் இருந்த பள்ளிகள் 6ஏ. இங்கே ஒரு சொல் குழப்பம் உண்டு. பள்ளிகளை நிர்வகிக்கும் ஐஎஸ்டியும் (இன்டிபென்டன்ட் ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட்) ‘டிஸ்ட்ரிக்ட்’தான், யுஐஎல் கூட்டிக் கட்டும் போட்டிக் குழுவும் ‘டிஸ்ட்ரிக்ட்’தான். கோச் டிஸ்ட்ரிக்ட் என்றால் பெரும்பாலும் இரண்டாவது. அதில் மேலே வருபவர்கள் ரீஜனுக்கும், அங்கிருந்து மாநிலப் போட்டிக்கும் போவார்கள். தடகளத்தில் நடுவே ஏரியா என்று ஒரு படி கூடுதல்.

டென்னிஸுக்கு இரண்டு சீசன். இலையுதிர் காலத்தில் டீம் டென்னிஸ்: பையன்கள் ஒற்றையர் 6, பெண்கள் ஒற்றையர் 6, இரட்டையர் மூன்று மூன்று, கலப்பு இரட்டையர் 1, ஆக 19 ஆட்டம். பத்து ஜெயித்தால் அணி ஜெயித்தது. வசந்தத்தில் தனிநபர் போட்டி. அதில் ஒற்றையர், இரட்டையர், கலப்பு மூன்றில் ஒன்றுக்குத்தான் பெயர் கொடுக்க முடியும். டிஸ்ட்ரிக்டில் முதல் இரண்டு இடம் பிடித்தால் ரீஜன். டீம் டென்னிஸ் ஆகஸ்டிலேயே தொடங்கிவிடும், அதனால் ஜூலை இறுதியில் வந்து இறங்குபவர்களுக்கு நேரம் இறுக்கம்தான்.

இனி உங்கள் மகள் விஷயம். வார்சிட்டிக்குப் பெற்றோர் அந்தப் பள்ளியின் எல்லைக்குள் நிஜமாகக் குடியிருக்க வேண்டும். இல்லையென்றால் பிள்ளை அங்கே ஒரு முழு வருடம் படித்திருக்க வேண்டும். நிஜம் என்பதற்கு அளவுகோல் உண்டு: சாமான்கள் அங்கே இருக்கின்றனவா, தபால் அங்கே வருகிறதா, குடும்பம் முழுக்க அங்கேயே இருக்கிறதா. நம்மவர்கள் சறுக்கும் இடம் இதுதான். அபார்ட்மென்ட் ஒன்றை வாடகைக்கு எடுத்துப் பிள்ளையைச் சேர்ப்பார்கள், ஏழெட்டு மாதத்தில் கட்டி முடித்த சொந்த வீடு வேறு பள்ளி எல்லையில் இருக்கும். வருடம் முடியுமுன் அந்த எல்லையை விட்டு வீடு மாறினால் முதல் பள்ளியில் வார்சிட்டித் தகுதி போய்விடும். வீடு கட்டுவதாக இருந்தால் அந்த மனைக்குரிய பள்ளி எல்லைக்குள்ளேயே வாடகை வீடு பிடியுங்கள். ஒரே தெருவின் இரு பக்கமும் வெவ்வேறு பள்ளிக்குப் போவதுண்டு, ரியல் எஸ்டேட் விளம்பரத்தை நம்பாமல் ஐஎஸ்டி தளத்தில் முகவரியைப் போட்டுப் பாருங்கள்.

அடுத்தது பிஏபிஎஃப் என்ற முந்தைய பங்கேற்புப் படிவம். பழைய பள்ளிக்காக ஆடியவர் புதுப் பள்ளி வார்சிட்டிக்கு வர இது கட்டாயம். நீங்களும் பழைய பள்ளியும் புதுப் பள்ளியும் நிரப்பியபின் டிஸ்ட்ரிக்ட் செயற்குழுவிடம் போகும். அந்தக் குழுவில் இருப்பது போட்டிப் பள்ளிகளின் நிர்வாகிகள், ஆகவே கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுப் பார்ப்பார்கள். விளையாட்டுக்காகவே பள்ளி மாறினார் என்று முடிவானால் குறைந்தது ஒரு வருடம் வார்சிட்டி இல்லை. புதுப் பள்ளி கோச்சிடம் முன்பே தனிப் பயிற்சி எடுத்ததும், கிளப் அணித் தோழர்கள் படிக்கும் பள்ளிக்கு மாறியதும் அதற்கு அடையாளங்களாக விதியிலேயே எழுதப்பட்டுள்ளன. ‘நல்ல கோச் இருக்கும் பள்ளி’ என்று நீங்கள் எழுதியதை இதோடு சேர்த்துப் படியுங்கள். இடம் மாறியது வேலைக்காக என்றால் அலுவலகக் கடிதத்தையும் குத்தகை ஒப்பந்தத்தையும் கையில் வைத்திருங்கள். கேள்விகளுக்கு உண்மையை மட்டும் எழுதுங்கள். தீர்ப்பு எதிராக வந்தால் மாநிலச் செயற்குழுவில் மேல்முறையீடு செய்யலாம், அதற்குள் சீசன் போய்விடும். வார்சிட்டிக்கு அடுத்த நிலையான ஜேவி அணிக்கு இந்தத் தடை கிடையாது.

மதிப்பெண் விதிக்கு ‘நோ பாஸ் நோ பிளே’ என்று பெயர், 1984 முதல் சட்டம். முதல் ஆறு வாரம் முடிந்ததும், பிறகு ஒவ்வொரு மதிப்பீட்டுக் காலம் முடிவிலும் எந்தப் பாடத்திலும் 70-க்குக் கீழே போகக் கூடாது. போனால் ஏழு நாள் கழித்துத் தடை தொடங்கும். பயிற்சிக்குப் போகலாம், ஆட முடியாது. மூன்று வாரம் கழித்து எல்லாப் பாடத்திலும் தேறியிருந்தால், இன்னொரு ஏழு நாளில் திரும்பலாம். ஏபி, டூயல் கிரெடிட் போன்ற கல்லூரி நிலைப் பாடங்கள் சிலவற்றுக்கு விலக்கு உண்டு, பட்டியலைக் கவுன்சலரிடம் கேளுங்கள். மதிப்பெண்ணுக்குப் பதில் ‘இன்கம்ப்ளீட்’ (பாட வேலை முடியவில்லை) என்று வந்தாலும், மதிப்பெண் வரும்வரை தடைதான்.

வயதும் கணக்கு. செப்டம்பர் 1 அன்று 19 நிரம்பியிருக்கக் கூடாது. ஒன்பதாம் வகுப்பில் முதன்முதலில் சேர்ந்த நாளிலிருந்து நான்கே வருடம். இடையில் ஒரு வகுப்பைத் திரும்பப் படித்தாலும் கடிகாரம் நிற்காது.

உடல் தகுதித் தாள் யுஐஎல் படிவத்திலேயே மருத்துவரிடம் கையெழுத்தாக வேண்டும், நியூ ஜெர்சிப் படிவம் செல்லாது. பரிசுப் பணம் தரும் டென்னிஸ் போட்டியில் பணத்தைக் கையில் வாங்காதீர்கள். பணத்துக்கு ஆடக் கூடாது என்னும் அமெச்சூர் விதி அங்கே குறுக்கே வரும்.

கல்லூரி ஸ்காலர்ஷிப் கனவு இருந்தால் 70 போதாது. கல்லூரி விளையாட்டை நடத்தும் என்சிஏஏவின் முதல் டிவிஷனுக்கு 16 கோர் (அடிப்படைப்) பாடங்களும், அவற்றில் நான்குக்கு 2.3 சராசரியும் வேண்டும். அந்தப் பதினாறில் பத்துப் பாடங்களைப் பன்னிரண்டாம் வகுப்பு தொடங்குமுன் முடித்திருக்க வேண்டும், அவற்றில் 7 பாடங்கள் ஆங்கிலம், கணிதம், அறிவியலில் இருக்க வேண்டும். பள்ளி மாறும்போது நியூ ஜெர்சிப் பாடங்கள் எப்படிப் பதிவாகின்றன என்பதை முதல் வாரத்திலேயே கவுன்சலரோடு உட்கார்ந்து சரிபாருங்கள். கோச்சுக்கு மின்னஞ்சல் அனுப்புவதை வாடகை ஒப்பந்தம் கையெழுத்தான பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.