எண்ணெயே தொடல, அப்புறம் லிவர்ல கொழுப்பு எப்படி?

கேள்வி: வயசு 43, எடை 80 கிலோ. ஸ்கேன்ல கிரேடு 1 ஃபேட்டி லிவர், ட்ரைகிளிசரைடு (ரத்தத்துல இருக்கிற கொழுப்பு) 240. குடிப்பழக்கம் இல்ல, எண்ணெய் பலகாரம் விட்டு ரெண்டு வருஷமாச்சு. இட்லி, சோறு, டீ, ஜூஸ், அவ்ளோதான். அம்மாவுக்கு சுகர். இது ஜீன்ல வந்ததுன்னா மாத்தவே முடியாதா?

பதில்: எண்ணெய குறைச்சது நல்லதுதான், ஆனா கொழுப்பு வெளிய இருந்து மட்டும் வர்றதில்ல, சோத்துல இருந்தே லிவர் அதை தயாரிச்சுக்கும். ஜீன் பொறந்தப்ப வந்தது அப்படியேதான் இருக்கும், ஆனா எந்த ஜீன் எப்ப வேலை செய்யணும்ங்கிறது வேளைக்கு வேளை மாறும். ஒரு தட்டு சோறு உள்ள போனா இன்சுலின் ஏறும், அது எஸ்ஆர்இபிபி-1சினு ஒரு புரோட்டீன கிளப்பிவிடும், அது செல்லோட நியூக்ளியஸுக்குள்ள போயி கொழுப்பு செய்யுற என்சைம்களோட ஜீனை ஆன் பண்ணிடும். ஜூஸ் இன்னும் மோசம், அதுல இருக்கிற ஃப்ரக்டோஸ்ங்கிற பழச் சர்க்கரை இன்சுலினுக்குக்கூட காத்திருக்காது, சிஎச்ஆர்இபிபினு (பேரே வாய்ல நுழையாது) இன்னொரு சுவிட்ச் வழியா அதே ஜீன்களை தட்டிவிடும்.

ராத்திரி வயிறு காலியா இருக்கும்போது இன்சுலின் இறங்கி, அதுக்கு எதிரா வேலை செய்யுற குளுக்ககான்ங்கிற ஹார்மோன் ஏறும், அப்போ கொழுப்பை எரிக்கிற ஜீனும் சர்க்கரை செய்யுற ஜீனும் முழிச்சுக்கும். சாப்பிட்டதும் இதுங்க அடங்கணும். இன்சுலின் ரெசிஸ்டன்ஸ் (இன்சுலின் சொல்றதை உடம்பு சரியா கேக்காத நிலை) வந்தவங்களுக்கு இங்கதான் கூத்து: 'சர்க்கரை செய்யாத'ன்னு இன்சுலின் சொன்னா லிவர் கேக்காது, 'கொழுப்பு செய்'னா மட்டும் உடனே கேக்கும், வேலை சொன்னா காதுல விழாத பையன் சாப்பிட கூப்பிட்டா மட்டும் ஓடி வர்ற மாதிரி. வெறும் வயித்து சுகரும் ட்ரைகிளிசரைடும் சேர்ந்தே ஏறுறது இதனாலதான்.

பரம்பரைக்கும் பங்கு உண்டு, பிஎன்பிஎல்ஏ3ங்கிற ஜீன்ல ஒரு மாற்றம் இருந்தா கொழுப்பு சீக்கிரம் சேரும், ஆனா அவங்களுக்கும் எடை குறைஞ்சா லிவர் கொழுப்பு குறையுது. அதனால முதல்ல ஜூஸை நிறுத்திட்டு பழத்தை கடிச்சு சாப்பிடுங்க, டீல சக்கரைய குறைங்க, சோத்தை பாதியாக்கி அந்த இடத்துல பொரியல், சுண்டல், முட்டை வைங்க, ராத்திரி எட்டு மணிக்குள்ள முடிச்சிட்டு கொஞ்சம் நடங்க. 4 கிலோ குறைஞ்சாலே லிவர்ல வித்தியாசம் தெரியும், 6ல இருந்து 8 கிலோன்னா இன்னும் நல்லது. மெதுவா குறைங்க, பட்டினி வேணாம்.

லிவர் டானிக்னு விக்கிறத வாங்கிடாதீங்க. அடுத்த தடவை டெஸ்டுக்கு ரத்தம் குடுக்கும்போது எச்பிஏ1சி (மூணு மாச சுகர் சராசரி), எஸ்ஜிபிடி (லிவர் டெஸ்ட்), இதோட டிஎஸ்எச்சும் (தைராய்டு டெஸ்ட்) பாக்க சொல்லுங்க, தைராய்டு ஹார்மோன் குறைஞ்சாலும் லிவர் கொழுப்பை சரியா கையாளாது.