ஐந்தே நாளில் லடாக் போய்ப் புத்த மடங்களைப் பார்த்துவிட்டு வரமுடியுமா? கூட வயதானவர் வந்தால் சரிப்படுமா?

கேட்டவருக்கு ஐந்து நாள்தான் விடுப்பாம், கூட அறுபதைத் தாண்டிய அப்பாவும் வருகிறாராம். போகலாம். ஆனால் மூன்று, மிஞ்சிப்போனால் நான்கு மடத்துக்கு மேல் திட்டம் போடாதீர்கள். ஒரே நாளில் ஆறு மடம் என்று பட்டியல் எழுதித் தருகிற டிராவல்ஸ்காரர்கள் உண்டு. அப்படிப் போனால் ஆறு இடத்திலும் செருப்பைக் கழற்றி மாட்டியதுதான் ஞாபகம் இருக்கும்.

நான் வேலூரில் சி.எம்.சி. பக்கம் ஒரு லாட்ஜில் ரிசப்ஷனில் உட்காருகிறவன். வைத்தியத்துக்கு வருகிற வங்காளத்துக்காரர், ஜார்க்கண்ட்காரரிடம் பேசிப்பேசியே இந்தி வந்துவிட்டது. லடாக்கின் முக்கிய ஊரான லேயில் அந்த இந்தியை வைத்தே ஐந்து நாளை ஓட்டினேன். போன செப்டம்பரில் என் தாய்மாமாவோடு போனேன். அவருக்கு 64 வயது. ராணிப்பேட்டைத் தோல் தொழிற்சாலை ஒன்றில் சாயம் போடுகிற பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். கார்த்திகை ஞாயிறு தவறாமல் சோளிங்கர் பெரிய மலை ஏறுவார், 1,305 படி. ரோப் கார் வந்த பிறகும் அவருக்குப் படிதான். அதனால் மாமாவுக்கு ஒன்றும் ஆகாது, ஆனாலும் வயசாச்சே, அவரை நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று நினைத்துக்கொண்டு கிளம்பினேன்.

நடந்தது வேறு.

வேலூர் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 700 அடி உயரம். ஏலகிரியில் பதினாலு வளைவு ஏறினாலும் ஏறக்குறைய 3,600 அடிதான், அதற்கே சிலருக்குக் காது அடைக்கும். லே 11,500 அடி. டில்லியில் காலை விமானம் ஏறினால் ஒன்றரை மணி நேரத்துக்குள் அந்த உயரத்தில் இறக்கிவிடுவார்கள். அங்கே ஒரு மூச்சில் கிடைக்கிற ஆக்சிஜன், நம் ஊரில் கிடைப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான். உடம்பு அதற்குப் பழக ஒன்றிரண்டு நாளாவது வேண்டும். இதற்கும் கால் பலத்துக்கும் சம்பந்தமே இல்லை. சோளிங்கர் ஏறினவனா, ஜிம்முக்குப் போகிறவனா என்று அந்தக் காற்று பார்ப்பதில்லை.

லேயில் இறங்கின அன்று, தங்கின வீட்டு அம்மா, இன்றைக்கு வெளியே போகாதீர்கள், தண்ணீர் குடித்துவிட்டுப் படுங்கள் என்று சொன்னார். மாமா படுத்துவிட்டார். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஜன்னலில் இருந்து பார்த்தால் சாந்தி ஸ்தூபி பளபளவென்று தெரிகிறது. 1991-இல் ஜப்பானியப் பிக்கு ஒருவரின் முயற்சியில் எழுந்த வெள்ளை ஸ்தூபி. படி ஐந்நூறு சொச்சம். சோளிங்கரில் பாதிகூட இல்லையே என்று சாயங்காலம் கிளம்பிவிட்டேன். வண்டிப் பாதை இருக்கிறது, நான் படியில்தான் ஏறினேன். இருபது படிக்கு ஒரு தடவை நின்று நின்று மேலே போய்ச் சேர்ந்தபோது மூச்சு இரைத்ததே தவிர வேறொன்றும் தெரியவில்லை. ராத்திரி பத்து மணிக்கு மண்டையை இரண்டு பக்கமும் இடுக்கியில் வைத்து நெருக்கினமாதிரி ஒரு வலி. அப்புறம் வாந்தி. பன்னிரண்டு மணிக்கு வீட்டுக்காரர் தன் வண்டியிலேயே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். விரலில் கிளிப் மாட்டினால் ரத்தத்தில் ஆக்சிஜன் 76 சதவீதம் என்று காட்டுகிறது. மூக்கில் ஆக்சிஜன் வைத்து இரண்டு மணி நேரம் படுக்கவைத்தார்கள். மாமா பக்கத்து ஸ்டூலில் குல்லா போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "இன்னாடா, என்ன பாத்துக்க வந்தியா, நான் உன்ன பாத்துக்க வந்தனா?" என்று மட்டும் கேட்டார்.

ஆகவே அப்பாவைப் பற்றிய கவலையில் பாதியை உங்கள் மேல் வையுங்கள். அவருக்கு இதயம், நுரையீரல், இரத்த அழுத்தம் தொடர்பான தொந்தரவு இருந்தால் டாக்டரிடம் கேட்காமல் டிக்கெட் போட வேண்டாம். டயமாக்ஸ் என்று சொல்கிற அசிட்டசோலமைடு மாத்திரையைச் சிலருக்கு முன்கூட்டியே எழுதித் தருவார்கள். சல்ஃபா மருந்து ஒத்துக்கொள்ளாதவர் அதை டாக்டரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். கடையில் நீங்களாகக் கேட்டு வாங்காதீர்கள்.

இரண்டாம் நாள் சாயங்காலம் ஸ்பிட்டுக் மடத்துக்கு மட்டும் போனோம், விமான நிலையத்தை ஒட்டின குன்று. அங்கே மேலே ஓர் இருட்டறையில் காவல் தெய்வங்கள் இருக்கின்றன. முகத்தைத் துணியால் மூடி வைத்திருக்கிறார்கள், வருடாந்தர விழாவில் மட்டும்தான் திறப்பார்களாம். பட்டாளத்துக்காரர்களுக்கு அது காளி கோயில். நாங்கள் பேசுவதைக் கேட்டு ஒரு ஜவான், "வேலூரா?" என்றார். கம்மவான்பேட்டைக்காரர். வீட்டுக்கு ஒருவராவது பட்டாளத்தில் இருப்பதால் எங்கள் பக்கத்தில் ராணுவப்பேட்டை என்றே சொல்லும் ஊர் அது. மாமா அவரிடம் பத்து நிமிஷம் கத்தரிக்காய் விலை பேசினார்.

மூன்றாம் நாள் ஆல்ச்சி மடம். எல்லாரும் முதலில் கிழக்கே திக்சே, ஹெமிஸ் மடங்களுக்கு ஓடுகிறார்கள். நீங்கள் முதலில் மேற்கே, சிந்து நதி இறங்கிப்போகிற பக்கம் போங்கள். ஆல்ச்சி லேயைவிடத் தாழ்வு, ஏறக்குறைய 3,100 மீட்டர். மூச்சும் கொஞ்சம் இலகுவாகும். லேயிலிருந்து 65 கிலோமீட்டர் சொச்சம். வழியில் நிம்முவில் சான்ஸ்கர் ஆறு சிந்துவில் வந்து சேர்கிறது. பாலாற்றில் மணலை மட்டுமே பார்த்து வளர்ந்தவன் அங்கே வண்டியை நிறுத்தாமல் போகமுடியாது. லிகிர் மடத்தில் 75 அடி மைத்ரேயர், அதாவது இனி வரப்போகிற புத்தர், வெளியில் பொன்னிறமாக உட்கார்ந்திருக்கிறார், அரை மணி நேரம் போதும்.

ஆல்ச்சி வெளியிலிருந்து பார்த்தால் ஒரு மண் வீடு மாதிரி. மலை உச்சியிலும் இல்லை, ஆற்றோரத்துச் சமதரையில் பாதாமி மரங்களுக்கு நடுவே இருக்கிறது. சும்ட்செக் என்கிற மூன்றடுக்குக் கோயிலுக்குள் குனிந்துதான் போக வேண்டும். உள்ளே கண் பழக நேரமாகும். மூன்று சுவரிலும் மாடங்கள், மாடத்துக்கு ஒரு போதிசத்துவர், அதாவது புத்தர் நிலையை நோக்கிப் போகிறவர். எல்லாம் மண்ணால் செய்து வண்ணம் பூசினவை. உயரம் எவ்வளவென்றால், தலை மேல் தளத்துக்குள் போய்விடுகிறது. கீழே நிற்கிற நமக்கு எதிரே தெரிவது இடுப்பு வேட்டிதான். அந்த வேட்டியில்தான் விஷயமே இருக்கிறது. அவலோகிதேசுவரர் வேட்டியில் கோயில்கள், மாளிகைகள், குதிரை மேல் ஆட்கள். மைத்ரேயர் வேட்டியில் வட்ட வட்டமாகப் புத்தர் வரலாறு. மஞ்சுஸ்ரீ வேட்டியில் புத்த மதத்து 84 சித்தர்கள், ஆளுக்கு ஒரு கட்டம். காஷ்மீர்க் கலைஞர்கள் கைவேலை, ஏறக்குறைய 800 வருடப் பழசு.

பிக்கு ஒருவர் டார்ச் அடித்துக் காட்டினார். மாமா முகத்தைச் சுவருக்கு ஒரு முழம் தள்ளி வைத்துக்கொண்டு நகரவே இல்லை. முப்பத்தைந்து வருஷம் தோலுக்குச் சாயம் கலந்த ஆள். "எண்ணூறு வருசம் இந்த நீலம் வெளுக்காம கீதே, இன்னாத்த கலக்கினான்?" என்று என்னைக் கேட்டார். நான் பிக்குவைக் கேட்டேன். சாயத்தைப் பற்றி அவர் சொல்லவில்லை. இங்கே பல நூறு வருடமாகப் பெரிய வழிபாடு நடக்கவில்லை, விளக்குப் புகை படியவில்லை, அதனால் தப்பித்தது என்றார். இப்போது லிகிர் மடத்துப் பிக்குகள்தான் இதைப் பார்த்துக்கொள்கிறார்கள். எனக்கு எங்கள் ஆம்பூர்ப் பக்கத்து ஆர்மாமலைக் குகை ஞாபகம் வந்தது. எட்டாம் நூற்றாண்டுச் சமண ஓவியம், இப்போது அங்கே திட்டுத் திட்டாகத்தான் மிச்சம். உள்ளே படம் எடுக்க விடமாட்டார்கள், அதுவும் நல்லதற்குத்தான். போன் பையில் இருந்ததால்தான் அவ்வளவு நேரம் பார்த்தோம். லமாயுரு மடம் அங்கிருந்து இன்னும் ஐம்பது, அறுபது கிலோமீட்டர் தள்ளி. நாங்கள் விட்டுவிட்டோம், வருத்தமில்லை.

நாலாம் நாள் திக்சே. இதற்கு மட்டும் விடியற்காலை ஐந்து மணிக்கே கிளம்புங்கள், 19 கிலோமீட்டர்தான். குன்றில் அடுக்கடுக்காக ஏறும் பன்னிரண்டு தளக் கட்டடம். பத்து மணிக்கு மேல் டூரிஸ்ட் வேன்கள் வந்துவிடும். ஆறரை வாக்கில் மொட்டைமாடியில் இரண்டு பேர் கொம்பு ஊதினார்கள், கீழே பிரார்த்தனைக் கூடத்தில் வரிசை வரிசையாகப் பிக்குகள் வந்து உட்கார்ந்தார்கள். வெளியாட்கள் ஓரமாக உட்காரலாம், கால் நீட்டக் கூடாது. ஓதுவது ஒரே சுருதியில் அடித்தொண்டையில் போகிறது, நடுவில் திடீரென்று மேளமும் ஜால்ராவும். எட்டு ஒன்பது வயதுக் குட்டிப் பிக்குகள் கெட்டிலைத் தூக்கிக்கொண்டு ஓடி ஓடி வெண்ணெய்த் தேநீர் ஊற்றுகிறார்கள். உப்புப் போட்ட டீ. எனக்கு இரண்டு மடக்குக்கு மேல் இறங்கவில்லை. மாமா, "ரசத்துல வெண்ண போட்டாமாரி கீது, நல்லாத்தான் கீது" என்று குடித்தார். குடித்துக் குறையக் குறைய ஊற்றிக்கொண்டே இருப்பார்கள், வேண்டாமென்றால் கோப்பையைக் காலி செய்யாமல் வைத்துவிடுங்கள். எனக்குப் பக்கத்தில் இருந்த குட்டிப் பிக்கு ஓதிக்கொண்டே தூங்கி விழுந்தான். முன்வரிசைப் பெரியவர் திரும்பி ஒரு பார்வை பார்த்ததும் சத்தம் பலமாக வந்தது.

அப்புறம் மைத்ரேயர் கோயில். 49 அடி, உட்கார்ந்த கோலம், இரண்டு தளம் உயரம். இது பழசில்லை. தலாய் லாமா 1970-இல் வந்துபோன நினைவாக 1980-இல் முடித்தது. திரும்பும்போது ஷே அரண்மனையில் கொஞ்ச நேரம். ஹெமிசுக்கும் போயிருக்கலாம். முகமூடி நடனம் பார்க்க ஆசையென்றால் ஜூன், ஜூலையில் வரும் ஹெமிஸ் திருவிழாவை ஒட்டித் திட்டமிடுங்கள். மற்ற நாளில் அவசியமில்லை என்பது என் கட்சி. கார்துங் லா கணவாய், பாங்காங் ஏரி இரண்டையும் ஐந்து நாளுக்குள் திணிக்கவே வேண்டாம்.

வலம் வருவது நம்மைப் போலவேதான். மந்திரம் செதுக்கின கல்லடுக்கு வழியில் வந்தால் அது நம் வலக்கைப் பக்கம் இருக்கும்படி சுற்றிப் போக வேண்டும், மந்திர உருளைகளையும் அந்தத் திசையிலேயே சுழற்ற வேண்டும். மாமாவுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

இன்னொன்று, வெளி மாநில ப்ரீபெய்டு சிம் அங்கே வேலை செய்யாது, போஸ்ட்பெய்டுதான். என்னுடையது ப்ரீபெய்டு. அதனால் ஐந்து நாளும் ஊரில் அத்தையிடம் பேசினவர் மாமாதான். என் ஆக்சிஜன் கதை எங்கள் தெருவில் இப்போது எந்த வடிவத்தில் இருக்கிறது என்று கேட்காதீர்கள்.