ஆற்றில் மோட்டார் வைக்கலாமா?

கேள்வி: ஐயா, மணலி புதுநகர்ப் பக்கம், வல்லூர் அணைக்கட்டுக்குக் கீழே, கொசஸ்தலை ஆற்றங்கரையில் எனக்கு ஒன்றரை ஏக்கர் இருக்கிறது. சம்பா நட்டுப் பன்னிரண்டு நாள் ஆகிறது. இலை நுனி வெளுத்துக் கருகுகிறது, வரப்போரம் வெள்ளையாகப் பூக்கிறது. போர் தண்ணீரை வாயில் வைக்க முடியவில்லை. உரக்கடையில் ஜிப்சம் போடச் சொல்கிறார்கள். போரை இன்னும் நூறு அடி இறக்கட்டுமா, இல்லை ஆற்றிலேயே மோட்டார் வைக்கட்டுமா?

பதில்: இரண்டும் வேண்டாம். ஜிப்சத்தையும் கொஞ்சம் தள்ளிப் போடுங்கள்.

உங்கள் வயலோரம் இருப்பது பெயருக்குத்தான் ஆறு. மேலே பூண்டி நீர்த்தேக்கம் 1944 முதல் சென்னைக் குடிநீருக்காகத் தண்ணீரைப் பிடித்து வைக்கிறது. தாமரைப்பாக்கம் அணைக்கட்டில் அதைச் சோழவரம், புழல் பக்கம் திருப்பிவிடுகிறார்கள். வல்லூரைத் தாண்டி வெள்ளம் வரும் சில நாள்தான் நல்ல தண்ணீர். மற்ற நாளில் எண்ணூர் முகத்துவாரம் வழியே ஏறி வரும் கடல்தான் அங்கே நிற்கிறது. கூடவே ஆலைக் கழிவும் அனல்மின் சாம்பலும் கலக்கின்றன. சரி, வெள்ளம் வரும்போது இறைக்கலாமே என்று தோன்றும். 2023 டிசம்பர் புயல் வெள்ளத்தில் அந்தக் கழிமுகம் முழுக்க எண்ணெய் படர்ந்ததை நீங்களே பார்த்திருப்பீர்கள். நெல் வயலில் அந்த வம்பு எதற்கு?

போர் உப்பானதற்கும் காரணம் இந்த ஆறுதான், ஆனால் மண்ணுக்கு அடியில். பழைய ஆற்றுப் படுகை மணலில் நிறைய நல்ல தண்ணீர் இருந்தது. மீஞ்சூர், பஞ்செட்டி, தாமரைப்பாக்கம் பகுதிகளில் வரிசையாகக் கிணறு போட்டு நகரத்துக்கும் மணலி ஆலைகளுக்கும் பல வருடம் இறைத்தார்கள். விவசாயிகளும் இறைத்தோம், அதை மறைக்க வேண்டாம். எடுத்த அளவுக்கு மழை ஊறவில்லை, அந்த இடத்துக்குக் கடல் உள்ளே வந்தது. 1960களின் கடைசியில் கரையிலிருந்து ஏதோ மூன்று, நான்கு கிலோமீட்டர் வரை இருந்த உப்பு பிறகு பத்தைத் தாண்டிவிட்டது. நல்ல தண்ணீர் லேசானது, மேலே மிதக்கும்; உப்புத் தண்ணீர் கனமானது, கீழே தங்கும். நூறு அடி இறக்கினால் காசு கொடுத்து உப்பை வாங்குவதுதான். ஆழமில்லாத கிணற்றில் சிறு மோட்டார் வைத்து, கொஞ்ச நேரம் ஓட்டி நிறுத்தி, ஊறவிட்டு மறுபடி ஓட்டுங்கள்.

தண்ணீரில் எவ்வளவு உப்பு என்பதை அதன் மின்கடத்து திறனை வைத்துச் சொல்வார்கள். நெல்லுக்குப் பாசன நீரில் அது மீட்டருக்கு 2 டெசிசைமனுக்குள் இருந்தால் கவலையில்லை. 5ஐ நெருங்கினால் மகசூல் பாதியாகிவிடும். கடல் தண்ணீர் 50 அளவில் இருக்கும், ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

நட்ட புதிதிலும் பூக்கும்போதும்தான் நெல் உப்புக்கு ரொம்பப் பயப்படும். இப்போது வயலைக் காய விடாதீர்கள். காய்ந்தால் உப்பு மேலே ஏறும். மழை பெய்ததும் நிற்கும் தண்ணீரை வடித்துவிட்டு, வரப்பை உயர்த்திப் புது மழைநீரைக் கட்டுங்கள். இரண்டு, மூன்று முறை செய்தால் புதுக் குருத்து பச்சையாக வருவது தெரியும். கருகலைப் பார்த்துப் பதறி உரம் போட வேண்டாம், உரமும் உப்புதான். செத்த குத்துகளில் மட்டும் வயதான நாற்றாக மூன்று, நான்கு சேர்த்துப் போக்கு நடவு செய்யுங்கள்.

ஜிப்சம் களர் நிலத்துக்கு மருந்து, அதாவது கார அமிலநிலை (pH) 8.5க்கு மேல் போய் மண் இறுகிக் கிடக்கும் நிலத்துக்கு. நீங்கள் சொல்வதைக் கேட்டால் உவர், அதாவது உப்பு ஏறிய நிலம் போலத் தெரிகிறது. உவரைக் கழுவித்தான் இறக்க வேண்டும். களரே என்றாலும் ஜிப்சம் போட்டபின் நல்ல தண்ணீர் கட்டி வடிக்க வேண்டுமே, அது இல்லாமல் மூட்டையைக் கொட்டி என்ன பயன்?

அடுத்த பட்டத்துக்கு முன் பசுந்தாள் உரமாக ஏக்கருக்கு 20 கிலோ தக்கைப்பூண்டு விதைத்து, 45 நாளில் மடக்கி உழுங்கள். ரகம் என்றால் கோ 43 பார்க்கலாம், பாரம்பரிய நெல்லில் குழியடிச்சான் உப்பைத் தாங்கும். இடம் இருந்தால் மூலையில் ஒரு பண்ணைக்குட்டை வெட்டுங்கள், வடகிழக்குப் பருவமழையை அதில் பிடித்தால் பூக்கும் தருணத்துக்கு இரண்டு தண்ணீர் கிடைக்கும். உப்பு ஊறாதபடி ஆழம் குறைவாகவே இருக்கட்டும்.

மண்ணையும் தண்ணீரையும் திரூர் வேளாண் அறிவியல் நிலையத்தில் கொடுத்துப் பாருங்கள். தண்ணீர் பிடிக்கும் முன் மோட்டார் கால் மணி நேரமாவது ஓடியிருக்கட்டும்.