ஓடுபாதை வேண்டாத விமானம் வந்தால் இணைப்பு விமானம் தவறாதா?

கேள்வி: பாஸ்டனில் வசிக்கிறேன். சென்னைக்கு வர, நியூயார்க் ஜே.எஃப்.கே. வரை சின்ன விமானம், அங்கிருந்து பெரிய விமானம். சின்னது தாமதமாகி இரண்டு முறை இணைப்பைத் தவறவிட்டேன். செங்குத்தாக எழும் புதிய விமானங்கள் வந்தால் இந்தத் தொல்லை தீருமா?

பதில்: தீரலாம். ஆனால் இப்போது செய்திகளில் அடிபடும் விமானங்களால் அல்ல.

ஜே.எஃப்.கே.யில் விமானங்கள் புறப்படுவதும் இறங்குவதும் சேர்த்து மணிக்கு 81 முறைக்குத்தான் அட்டவணையில் இடம். 300 பேரோடு வருவதும் அதில் ஒன்று, 70 பேரோடு வரும் உங்கள் விமானமும் ஒன்று. போதாததற்கு, பெரிய விமானம் கிளப்பிவிடும் காற்றுச் சுழலுக்குப் பயந்து, பின்னால் வரும் சின்னது கூடுதலாகத் தள்ளி வர வேண்டும். வானிலை கெட்டால் விமான நிறுவனம் முதலில் கைவைப்பதும் சின்னதில்தான்.

இந்தக் குட்டிகளை ஓடுபாதையிலிருந்து விலக்கினால் என்ன என்று நாசாவே ஆராய்ந்தது. இறங்க தனித் தளம் இருந்தால் மட்டும் போதாது. வானிலும் தனி வழி வேண்டும். பெரிய விமானங்களின் வரிசையிலேயே வந்து சேர்ந்தால் பழைய கதைதான்.

ஓடுபாதை வேண்டாத விமானம் ஒன்றை பிரிட்டன் செய்தே காட்டியது. சுமார் 40 பேருக்கான ஃபேரி ரோட்டோடைன் 1957இல் பறந்தது. ஹெலிகாப்டர் போல எழுந்து, விமானம் போலப் போகும். நகர நடுவில் இறங்கத்தான் அதை உருவாக்கினார்கள். ஆனால் காதைப் பிளக்கும் சத்தம். 1962இல் கைவிட்டார்கள். எனக்கு இன்றும் அதன்மேல் ஒரு வருத்தம் உண்டு.

சரி, இன்று செய்திகளில் அடிபடும், செங்குத்தாக எழும் மின்சார விமானமான ஜோபி? விமானி தவிர 4 பேர். உங்கள் 70 பேரை ஏற்ற 18 நடை! ஒரே சார்ஜில் சுமார் 160 கி.மீ. போகும் என்கிறார்கள், உங்களுக்கோ 300 கி.மீ. மன்ஹாட்டனிலிருந்து ஜே.எஃப்.கே.க்கு டாக்சியில் போகிறவருக்கு அது உதவும். அது குறைப்பது சாலை நெரிசலை, ஓடுபாதை நெரிசலை அல்ல.

அதற்காகக் காத்திருக்காதீர்கள். இரண்டு விமானத்தையும் ஒரே டிக்கெட்டில் போடுங்கள். இணைப்பு தவறினால் மாற்று விமானம் தருவது விமான நிறுவனத்தின் பொறுப்பு. சின்னதைக் காலையிலேயே பிடியுங்கள். ரயிலில் நியூயார்க் வந்து, அங்குள்ள ஜமைக்கா ரயில் நிலையத்தில் மாறியும் ஜே.எஃப்.கே.க்குப் போகலாம். இரண்டு பெரிய பெட்டிகளோடு என்றால் படாத பாடு. அதைவிட, பாஸ்டனிலிருந்தே துபாய், தோஹா வழியாக வர முடிகிறதா என்று பாருங்கள். கட்டணம் கொஞ்சம் கூடினாலும் நியூயார்க் பக்கமே போக வேண்டாம்.