காகக்கால் குறியும் கறள் பிடித்த வில்லும்: பழைய இராணுவ மடக்குக் கத்திகள் பற்றி வாசகர் கேள்விகள்

இம்முறை வந்தவற்றில் பாதிக்கு மேல் ஒரே கேள்விதான்: "இது ஆமிக் கத்தியா?" கத்தி வீட்டுக்கு வந்த கதையை எல்லோரும் விரிவாக எழுதுகிறீர்கள். அலகின் அடியில் என்ன குத்தியிருக்கிறது என்பதை மட்டும் விட்டுவிடுகிறீர்கள். எனக்கு முதலில் வேண்டியது அதுதான்.

வவுனியாவிலிருந்து ஒரு வாசகி: அப்பப்பாவின் றங்குப்பெட்டிக்குள் ஒரு பாரமான வில்லுக்கத்தி இருந்தது. கறுப்புப் பிடி, அதில் கட்டம் கட்டமாகக் கீறல். ஒரு அலகு, கொக்கி மாதிரி ஒன்று, பின்பக்கம் தடித்த முள். குதிரையின் குளம்பில் சிக்கிய கல் எடுக்கத்தான் அந்த முள் என்கிறார் மாமா. உண்மையா?

மாமா சொல்வதை உலகம் முழுவதும் சொல்கிறார்கள். ஆனால் அந்த முள் கயிற்று வேலைக்கானது. கயிற்றின் புரியைப் பிரித்து இன்னொரு கயிற்றோடு பின்னவும், இறுகிப்போன முடிச்சைத் தளர்த்தவும், கூடாரக் கயிறு கட்டவும் அது வேண்டும். முல்லைத்தீவுக் கரையில் யாரிடமாவது காட்டுங்கள், கையில் வாங்கியவுடனேயே சொல்லிவிடுவார். கொக்கி, ரின் வெட்டுவதற்கு. அலகின் நுனி கூராக இல்லாமல் முதுகுப்பக்கம் வளைந்து இறங்கினால் அதுவும் சரிதான், கயிறு அறுக்க ஏற்ற வடிவம் அது.

நீங்கள் சொல்லும் அடையாளங்கள் இரண்டாம் உலகப் போர்க்காலப் பிரித்தானியக் கத்திக்குப் பொருந்துகின்றன. உறுதிசெய்ய அலகை முழுதாகத் திறவுங்கள். அலகு பிடிக்குள் நுழையும் இடத்தில், கூர் இல்லாத சதுரப் பகுதியைத் துணியில் ஒரு சொட்டு மண்ணெண்ணெய் விட்டுத் துடையுங்கள். காய்ந்ததும் முகத்துக்குப் பூசும் பவுடரை விரலால் தேய்த்து, மேலாகத் துடைத்துவிடுங்கள். பள்ளத்தில் மட்டும் வெள்ளை நிற்கும். அப்புறம் அறையை இருட்டாக்கி ரோச் லைற்றைப் பக்கவாட்டில் சரித்துப் பிடியுங்கள். காகத்தின் கால்தடம் போல மூன்று கோடுகள் ஒரு முனையில் கூடினால் அது பிரித்தானிய அரசுச் சொத்துக் குறி. பக்கத்திலேயே ஆண்டும், செய்தவர் பெயரும் இருக்கும். பெயர் பெரும்பாலும் ஷெஃபீல்ட் நகரக் கம்பனி ஒன்றினுடையது. குறி 'சி' எழுத்துக்குள் இருந்தால் கனடா. இரண்டு 'டி' எழுத்துகளுக்கு நடுவில் இருந்தால் அவுஸ்திரேலியா. இரண்டு குறிகள் முனையோடு முனை முட்டி நின்றால், படையே வேண்டாம் என்று வெளியில் விற்ற பொருள். அப்படியொன்று உங்கள் கத்தியில் இருந்தால் "அப்பப்பா எங்கிருந்து எடுத்தார்" என்ற சங்கடமும் தீர்ந்தது.

வவுனியாவுக்கு எப்படி வந்தது என்று கேட்டால், வராமல் இருந்திருந்தால்தான் ஆச்சரியம். அந்தப் போரில் பிரித்தானிய விமானப்படை வவுனியாவில் தளம் வைத்திருந்தது. 1942 ஏப்ரல் 9 அன்று யப்பானியர் குண்டு போட்ட திருகோணமலைத் துறைமுகத்தில் பிரித்தானியக் கடற்படை 1957 வரை இருந்தது. அங்கெல்லாம் வேலை செய்த நம்மவர் கைகளுக்கு இப்படியான கத்திகள் வந்து சேர்வது இயல்புதான். ஆனால் உங்கள் அப்பப்பாவுக்கு எந்த வழியில் வந்தது என்பதைக் கத்தி சொல்லாது. அதை வீட்டுப் பெரியவர்களிடம்தான் கேட்க வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. அந்தக் கறுப்புப் பிடி பல கத்திகளில் பெக்ஸோயிட் என்ற பழைய பிளாஸ்ரிக். நமது வெக்கையில் சிலது சுருங்கி வெடிக்கும். வினாகிரி மணம் வந்தால் அது சிதையத் தொடங்கிவிட்டது என்று பொருள். அந்த ஆவி இரும்பையும் தின்னும். அப்படியானதைப் பொலித்தீன் பையில் மூடி வைக்காதீர்கள், மற்றக் கத்திகளோடும் சேர்த்து வைக்காதீர்கள்.

கிளிநொச்சி வாசகர்: அலகில் முடியும், அதன் இருபுறமும் 'ஜி', 'ஆர்' எழுத்துகளும் இருக்கின்றன. அரச படையின் கத்திதானே?

இல்லை. அது ஜோசப் றொட்ஜேர்ஸ் கம்பனியாக இருக்கும். நட்சத்திரமும் சிலுவையும் பக்கத்தில் இருக்கிறதா பாருங்கள். அரண்மனைக்குக் கத்தி செய்து கொடுக்கும் உரிமை அவர்களிடம் இருந்தது. அந்தப் பெருமையைக் கடையில் விற்கும் கத்தியிலும் குத்தினார்கள். காகக்கால் குறி இல்லாவிட்டால் அது யாரோ காசு கொடுத்து வாங்கிய கத்தி. அதற்காகக் குறைவாக நினைக்காதீர்கள். படைக்குச் செய்த பலதைவிட அந்தக் கடைக் கத்திகளின் இரும்பும் பூட்டு வேலையும் எனக்குப் பிடிக்கும்.

மல்லாவி வாசகர்: சுவிஸிலிருந்து சித்தப்பா கொண்டுவந்த சிவப்புக் கத்தி, சிலுவைக் குறியோடு. "சுவிஸ் ஆமிக் கத்தி" என்று பெட்டியிலேயே எழுதியிருக்கிறது.

பெட்டியில் இருக்கும், படையில் இராது. சுவிஸ் படை தன் சிப்பாய்களுக்குக் கொடுத்த கத்தி வேறு. முதல் மாதிரி 1890 இல் முடிவானது, மரப்பிடி. அவசரத்துக்கு அதைச் செய்து கொடுத்தது ஜேர்மனியின் சோலிங்கன் நகரக் கம்பனி. பிறகுதான் சுவிஸ் கத்திக் கைவினைஞர் கார்ல் எல்செனர் அந்த வேலையைத் தன் நாட்டுக்குக் கொண்டுவந்தார். தக்கை திருகியோடு கூடிய மற்றக் கத்தியை அவர் 1897 இல் பதிவு செய்தார். அதை "அதிகாரிகள் கத்தி" என்றார்கள், ஆனால் படை அதை வழங்கவில்லை. வேண்டிய அதிகாரி கடையில் வாங்கிக்கொண்டார். உங்கள் சிவப்புக் கத்தி அந்தப் பரம்பரை.

சித்தப்பா அடுத்தமுறை வரும்போது 1961 மாதிரியைத் தேடச் சொல்லுங்கள். சொரசொரப்பான வெள்ளி நிற அலுமினியப் பிடி, 93 மில்லிமீற்றர் நீளம், தக்கை திருகி கிடையாது. அலகின் அடியில் ஆண்டின் கடைசி இரண்டு இலக்கம் இருக்கும். '74' என்றால் 1974. தொடங்குகிறவர்களுக்கு இதைவிட நல்ல கத்தி இல்லை, ஆண்டைக் கண்டுபிடிக்க யாரிடமும் போக வேண்டாம். 2008 வரை ஆண்டு ஆண்டாகச் சேர்க்கலாம்.

மன்னார் வாசகர்: இணையத்தில் வாங்கினேன். முழுவதும் ஸ்ரெயின்லெஸ் ஸ்ரீல், காகக்கால் குறி, 1915 என்று ஆண்டு. ஏமாந்துவிட்டேனா?

ஆம். ஹரி பிறியர்லி ஷெஃபீல்டில் கறள் பிடிக்காத உருக்கை உருவாக்கியதே 1913 இல். இரண்டு வருடத்தில் அது சிப்பாயின் பொக்கற்றுக்கு வந்துவிடவில்லை. உடம்பு முழுவதும் ஸ்ரெயின்லெஸ் ஆன பிரித்தானியக் கத்தி நல்ல கத்திதான், ஆனால் மிகவும் பிந்திய வடிவம். அதில் 13 இலக்கத்தில் ஒரு நீளமான எண்ணும் இருந்தால் அது நேட்டோ பொருள் எண். நேட்டோ தொடங்கியதே 1949 இல். ஐந்தாம் ஆறாம் இலக்கங்கள் 99 என்றால் பிரித்தானியா.

குத்தைப் பூதக்கண்ணாடியால் வடிவாகப் பாருங்கள். தொழிற்சாலையில் குத்தியபின் அலகைத் தேய்த்து மினுக்குவதால் குறியின் ஓரம் மட்டமாக இருக்கும், பள்ளத்துக்குள்ளும் வெளியே உள்ள அதே கருமை இருக்கும். பிறகு குத்தியதில் ஓரம் மேலெழும்பி நகத்தில் தட்டும், பள்ளத்தின் அடி பளிச்சென்று தெரியும். இதைப் படம் எடுத்து விற்றவருக்கே அனுப்பிக் காசைத் திருப்பிக் கேளுங்கள்.

முல்லைத்தீவு வாசகர்: உப்புக்காற்றில் கத்தி கறள் பிடித்து இறுகிவிட்டது. தேசிக்காயும் உப்பும் போட்டுத் தேய்க்கலாமா?

வேண்டாம். புளி கறளோடு குறியையும் அரித்துவிடும். தையல் மெசின் எண்ணெயை மூட்டில் விட்டு ஓரிரு நாள் வையுங்கள். பிறகு நகக்குழியில், அதாவது அலகைத் திறக்க நகம் வைக்கும் பள்ளத்தில், பிடித்து மெதுவாக அசையுங்கள். அசையாவிட்டால் திரும்ப எண்ணெய். குறட்டால் இழுத்தால் நகக்குழி உடையும். செங்கறளைச் செப்புக் கம்பியால் சுரண்டலாம், செம்பு உருக்கைவிட மென்மையானது, கீறாது. கறுப்பாகப் படிந்து நிற்பதைத் தொடாதீர்கள், அது கத்தியின் வயது. தேங்காய் எண்ணெய் நாளாகப் பிசினாகிவிடும். தோல் உறையும் வேண்டாம், அது ஈரத்தை வைத்திருக்கும்.

சாணை பிடிக்கிறவர் சைக்கிளில் வரும்போது மட்டும் கத்தியை ஒளித்துவையுங்கள். ஐந்து நிமிடத்தில் எண்பது வருடத்தைத் தேய்த்துக் கையில் தந்துவிடுவார்.

புதுக்குடியிருப்பிலிருந்து ஒரு தம்பி: மெற்றல் டிற்றெக்ரர் ஒன்று எடுத்து பழைய காவலரண் இருந்த இடங்களில் தேடலாமா?

கூடவே கூடாது. 2009 இல் போர் முடிந்து பத்து வருடம் கழிந்தும் முகமாலைப் பக்கம் கண்ணிவெடி அகற்றும் வேலை நடந்துகொண்டிருந்தது. கருவி 'பீப்' என்றால் கத்தியா மிதிவெடியா என்று அது சொல்லாது. அனுமதியில்லாமல் தொல்பொருள் தேடிக் கிண்டுவது 1940 ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி குற்றமும்கூட. தோட்டம் கொத்தும்போது தானாக வெடிபொருள் தட்டுப்பட்டால் அப்படியே விட்டு விலகி 119 க்குச் சொல்லுங்கள்.

இன்னொன்று, இதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். கத்தியோடு எலும்போ உடுப்போ கிடந்தால் கத்தியையும் எடுக்காதீர்கள். பிடியில் கீறிய ஒரு எழுத்தைக்கொண்டு தன் பிள்ளை யாரென்று அறியக் காத்திருக்கும் தாய் நம் ஊரில் இருக்கிறார். அது சேகரிப்புப் பொருள் இல்லை.

நெடுங்கேணி வாசகர்: என்ன விலை போகும்?

போர்க்காலப் பிரித்தானியக் கத்திகள் ஏராளமாகச் செய்யப்பட்டவை. காணி வாங்கும் அளவுக்கு எதிர்பார்க்காதீர்கள். தேயாத அலகு, உடையாத பிடி, தெளிவான குறி இருந்தால் விலை ஏறும். பிடியில் சிப்பாயின் பெயரோ இலக்கமோ கீறியிருந்தால் அதை அரத்தால் அழித்து "புதிசாக்க" வேண்டாம், வாங்குகிறவர் அதற்காகவே கூடக் கொடுப்பார்.

படம் அனுப்புகிறவர்களுக்கு: அலகு திறந்தபடி ஒன்று, மூடியபடி ஒன்று, அலகின் அடி கிட்டத்தில் ஒன்று. பக்கத்தில் அடிமட்டம் வையுங்கள், காசுக்குற்றி வேண்டாம். கத்தியைப் பிடித்திருக்கும் உங்கள் முகப்படமும் வேண்டாம்.