வேன் பள்ளத்தில் விழுந்த பிறகு: கதை எழுதுவோரின் கேள்விகள்

விபத்துக் காட்சிகளை எழுதும் வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் ஐந்துக்கு இம்முறை பதில் தருகிறோம்.

கேள்வி: என் சிறுகதையில் ஹட்டனிலிருந்து நுவரெலியா போகும் வேன், இரவு மழையில் தேயிலை மலைக்குள் உருண்டுவிடுகிறது. அம்புலன்சில் வந்த வைத்தியர் சாரதிக்கு அங்கேயே சத்திரசிகிச்சை செய்வதாக எழுதியிருக்கிறேன். சரியா? (வாசகி, கொட்டகலை)

பதில்: அந்த வைத்தியரை எடுத்துவிடுங்கள். 1990 என்ற எண்ணுக்கு அழைத்தால் வரும் இலங்கையின் சுவசெரிய அம்புலன்சில் இருப்பவர்கள் இருவர்: அவசர மருத்துவ உதவிப் பயிற்சி பெற்ற ஒருவரும் சாரதியும். வயிற்றுக்குள் கசியும் இரத்தத்தை நிறுத்த சத்திரசிகிச்சைக்கூடம், மயக்க மருந்து, ஏற்றுவதற்கு இரத்தம் எல்லாம் வேண்டும். ரோட்டோரத்தில் இவை எதுவும் இல்லை. கதை எந்த ஆண்டில் நடக்கிறது என்பதையும் பாருங்கள். இந்தச் சேவை 2016இல் மேல், தென் மாகாணங்களில்தான் தொடங்கியது; மலையகத்துக்குப் பின்னரே வந்தது. அதற்கு முந்திய கதை என்றால் தோட்டத்து லொறியோ, வழியில் மறித்த வேனோதான் அம்புலன்ஸ்.

அம்புலன்ஸ் வருமுன் அங்கே நிற்பவர்கள் தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்து ஆட்கள். உங்கள் கதையின் உயிர் அந்த நேரத்தில்தான் இருக்கிறது. இரண்டு வரியில் தாண்டிவிடாதீர்கள். பள்ளத்துக்குள் சிக்னல் கிடைக்காமல் ஒருவர் மேலே ரோட்டுக்கு ஏறிப் பேச வேண்டியிருக்கலாம். அவர் "ஹட்டன் ரோட்டில் எக்சிடன்ட்" என்று மட்டும் சொன்னால் அம்புலன்ஸ் தேடி அலையும். தோட்டத்தின் பெயர், அதன் எந்தப் பிரிவு (டிவிசன்), பக்கத்துக் கிலோமீட்டர் கட்டை, எத்தனை பேர் காயம், யாராவது உள்ளே சிக்கியிருக்கிறார்களா என்பதையெல்லாம் சொல்ல வேண்டும். டோர்ச்சோடு ஒருவரை ரோட்டில் நிறுத்தவும் வேண்டும்.

கீழே முதலில் பார்க்க வேண்டியது வேன் இன்னும் உருளுமா என்பதை. தடித்த மரத்தில் கயிறு கட்டாமல், சில்லுக்குக் கல் வைக்காமல் பத்துப் பேர் சரிவின் கீழ்ப்பக்கம் போய் நின்றால் அடுத்த விபத்து அதுவே. இருட்டில் ஓடி வருபவர்கள் கானுக்குள் (வடிகாலுக்குள்) விழுந்து கால் முறிப்பதும் உண்டு. கவ்வாத்து வெட்டிய (செடிகளின் கிளைகளைக் கத்தரித்த) மலை என்றால் கூரான தேயிலைக் கட்டைகள் உடம்பில் குத்தியிருக்கலாம். குத்திய கட்டையைப் பிடுங்கக்கூடாது, ஏனென்றால் கிழிந்த இரத்தக் குழாயை அடைத்துக்கொண்டிருப்பது பல நேரங்களில் அந்தக் கட்டைதான். செடியோடு சேர்ந்த பகுதியை வெட்டி, உடம்பிலுள்ள துண்டு அசையாதபடி துணி சுற்றி அனுப்ப வேண்டும்.

பிறகு பீறிட்டு ஓடும் இரத்தம். சுத்தமான துணியை மடித்து, உள்ளங்கையால் விடாமல் அழுத்த வேண்டும். நிமிடத்துக்கு ஒருமுறை துணியை விலக்கிப் பார்த்தால் கட்டிய உறைவு பிய்ந்துவிடும். கை, காலில் அழுத்தியும் நிற்கவில்லை என்றால் காயத்துக்கு மேலே 5 முதல் 7 சென்ரிமீற்றர் தள்ளி, மூட்டைத் தவிர்த்து, அகலமான பட்டியைக் கட்டிக் குச்சி கொடுத்து முறுக்கலாம். மெல்லிய கயிறு தோலை அறுக்குமே தவிர ஆழத்திலுள்ள நாடியை, அதாவது இதயத்திலிருந்து இரத்தம் கொண்டுவரும் குழாயை, மூடாது. அரைகுறையாகக் கட்டுவது இன்னும் கெடுதல்: இரத்தம் திரும்பும் வழி அடைபடும், உள்ளே வரும் வழி திறந்தே இருக்கும். சரியாகக் கட்டினால் காயத்தை விடக் கட்டுத்தான் அதிகம் வலிக்கும். காயப்பட்டவர் அவிழ்க்கச் சொல்லிக் கத்துவார். அவிழ்க்கக்கூடாது. கட்டிய நேரத்தை நெற்றியிலோ கட்டின் மேலோ எழுத வேண்டும்.

நினைவில்லாதவர் குறட்டை போலச் சத்தமிட்டால் நாக்கு பின்னால் விழுந்து மூச்சுப் பாதை அடைபடுகிறது. தலையைப் பின்னால் சாய்க்காமல் கீழ்த்தாடையை மட்டும் முன்னே தள்ள வேண்டும், கழுத்தெலும்பு முறிந்திருக்கலாம். ஒருவர் தலையை இரு கைகளாலும் நேராகப் பிடித்தபடியே இருக்க வேண்டும். ஆனால் தீப்பிடித்தாலோ மூச்சு நின்றாலோ கழுத்துக்காகக் காத்திருக்க முடியாது, இழுத்து வெளியே எடுக்க வேண்டியதுதான். சிக்கிய கதவை அங்கே திறப்பது பெரும்பாலும் அலவாங்குதான் (கடப்பாரை).

மழையையும் குளிரையும் வெறும் சூழலாக மட்டும் எழுதாதீர்கள். நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. உடல் வெப்பம் 35 பாகைக்குக் கீழே போனால் இரத்தம் உறைவது மந்தமாகும். நின்ற கசிவு திரும்பத் தொடங்கும். ஈரத்துணியைக் கழற்றி, கம்பளியை மேலே போர்த்தினால் மட்டும் போதாது, கீழேயும் விரிக்க வேண்டும், ஏனென்றால் ஈர மண் முதுகு வழியாக வெப்பத்தை இழுத்துவிடும். கொழுந்து எடுக்கும்போது இடுப்பில் கட்டும் படங்கு அந்த நேரத்தில் நல்ல விரிப்பு. ஸ்ட்ரெச்சரை மேட்டுக்கு ஏற்றும்போது தலைப்பக்கம் முன்னால் போக வேண்டும். வழுக்கும் சரிவில் நாலு பேர் போதாது, ஆறு பேராவது பிடிக்க வேண்டும்.

கேள்வி: விபத்தில் சிக்கிய தந்தை, மகளிடம் பத்து நிமிடம் தெளிவாகப் பேசிவிட்டு இறக்க வேண்டும். வெளியே இரத்தமே தெரியக்கூடாது. என்ன காயம் கொடுக்கலாம்? (வாசகர், பண்டாரவளை)

பதில்: மண்ணீரல் கிழிவு அல்லது இடுப்பெலும்பு முறிவு. இரண்டிலும் இரத்தம் உள்ளேயே தேங்கும். 60 கிலோ எடையுள்ளவருக்கு உடம்பில் ஏறக்குறைய 4.2 லீற்றர் இரத்தம். அதில் 600 மில்லிலீற்றர் போனாலும் ஆள் சாதாரணமாகவே பேசுவார். ஒரு லீற்றரைத் தாண்டும்போது நாடி நிமிடத்துக்கு 100க்கு மேல் ஓடும், தோல் வெளுத்துக் குளிரும், வியர்க்கும், காரணம் தெரியாத பதற்றம் வரும். இளவயதினருக்கு இரத்த அழுத்தம் இதுவரை விழாமலும் இருக்கலாம். சுற்றி நிற்பவர்கள் ஏமாறுவது அதனால்தான். ஒன்றேகால் லீற்றருக்கு மேல் போனால் அழுத்தம் சரியும், பேச்சு குழம்பும். 1.7 லீற்றரைக் கடந்தால் நினைவு மங்கும்.

ஆகவே பத்து நிமிடப் பேச்சு முடியும், ஆனால் கடைசி நிமிடங்கள் தெளிவாக இராது. முதலில் முழு வசனம், பிறகு பாதி வசனம், பிறகு கேட்டதையே திரும்பக் கேட்பது. தாகம் கடுமையாக இருக்கும், "தண்ணி குடு" என்று கெஞ்சுவார். மகள் கொடுக்கக்கூடாது, வாந்தி எடுத்தால் நுரையீரலுக்குள் போகும், சத்திரசிகிச்சைக்கு மயக்க மருந்து கொடுப்பதும் ஆபத்தாகும். உதட்டை நனைக்கலாம். மண்ணீரல் கிழிவு என்றால் அடிபடாத இடது தோள்பட்டை வலிக்கிறது என்று அவர் சொல்லட்டும். வயிற்றுக்குள் தேங்கும் இரத்தம், நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் தசையான உதரவிதானத்தை உறுத்துவதால் வரும் வலி அது.

இன்னொன்று: நம் நாட்டில் ஸ்டீயரிங் வலப்பக்கம். பெல்ட் அணிந்த சாரதிக்குக் கன்றல் வலது தோளிலிருந்து இடது இடுப்புக்கு ஓடும். முன்சீட்டில் பக்கத்தில் இருந்தவருக்கு அது மறுபக்கம். வெளிநாட்டுக் கதைகளைப் பார்த்து எழுதுபவர்கள் இதை மாற்றி எழுதிவிடுகிறார்கள்.

கேள்வி: தலையில் அடிபட்ட இளைஞன் எழுந்து நடந்து, மற்றவர்களைத் தூக்கி, சில மணி நேரம் கழித்து மயங்குகிறான். நம்பும்படி இருக்குமா? (வாசகி, ராகலை)

பதில்: இருக்கும். காதுக்கு மேலேயுள்ள மெல்லிய எலும்பு முறிந்து, அதன் கீழ் ஓடும் நாடி கிழிந்தால், மண்டையோட்டுக்கும் மூளையை மூடிய சவ்வுக்கும் நடுவே இரத்தம் சேரும். அடிபட்டதும் கொஞ்ச நேரம் மயங்கலாம், பிறகு தெளியும். இந்தத் தெளிவுதான் ஏமாற்றும். பின்னர் தலைவலி கூடிக்கொண்டே போகும், வாந்தி வரும், தூக்கம் சொக்கும், அடிபட்ட பக்கத்துக் கண்மணி விரியும், பெரும்பாலும் எதிர்ப்பக்கக் கை, கால் தளரும். "அசதி, தூங்கட்டும்" என்று வீட்டார் விட்டுவிடுவதே பெரிய தவறு.

இங்கேதான் மலை ரோடு கதைக்குள் வருகிறது. விபத்து ஹட்டன் பக்கம் என்றால், டிக்கோயா கிளங்கன் ஆதார வைத்தியசாலையில் மூச்சையும் இரத்த ஓட்டத்தையும் நிலைப்படுத்தலாம். மண்டையைத் திறக்கும் நரம்பியல் சத்திரசிகிச்சைக்குக் கண்டி தேசிய வைத்தியசாலைக்கு அனுப்ப வேண்டும். ஹட்டனிலிருந்து கினிகத்தேனை வழியாக வளைவுக்கு வளைவு இறங்கும் ரோடு அது. இரவில் பனிமூட்டமும் சேரும். இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக எழுதாதீர்கள். அனுப்புமுன் சுவாசக்குழாய் போட்டு வைத்திருந்தால் நோயாளியால் பேச முடியாது; வண்டிக்குள் வசனம் கொடுக்க வேண்டாம்.

கேள்வி: மொனிட்டரில் நேர்கோடு வந்ததும் மின்அதிர்ச்சி கொடுத்து எழுப்பலாமா? (வாசகர், நாவலப்பிட்டி)

பதில்: முடியாது. மின்அதிர்ச்சி ஒழுங்கு கெட்டுத் துடிக்கும் இதயத்துக்கானது. நேர்கோட்டுக்கு அது கொடுக்கப்படுவதில்லை. விபத்தில் இதயம் நிற்பது பெரும்பாலும் இரத்தம் வடிந்ததாலோ, மூச்சு அடைபட்டதாலோ, நெஞ்சுக்கூட்டில் காற்று சிக்கி இதயத்தை நெருக்குவதாலோ. வைத்தியர்கள் அந்தக் காரணத்தைத்தான் துரத்துவார்கள்: சுவாசக்குழாய், நெஞ்சில் ஊசியோ குழாயோ, எந்த இரத்த வகையினருக்கும் அவசரத்தில் ஏற்றக்கூடிய ஓ நெகட்டிவ் இரத்தம். காயம்பட்டு மூன்று மணி நேரத்துக்குள் என்றால், இதயம் நிற்குமுன்பே இரத்தப்போக்கைக் குறைக்க ட்ரனெக்ஸாமிக் அசிட் 1 கிராம் பத்து நிமிடத்தில் ஏற்றுவார்கள். சேலைனை லீற்றர் லீற்றராக ஏற்றும் காட்சி பழையது. அது இரத்தத்தை நீர்க்கச் செய்து உறைவதைத் தடுக்கும்.

கேள்வி: கவிழ்ந்த கார் வெடிக்குமா? (வாசகர், பதுளை)

பதில்: குண்டு போல வெடிப்பது மிக அரிது. பெற்றோல் கசிந்து சூடான எஞ்சினில் பட்டால் தீப்பிடிக்கலாம். எஞ்சினை நிறுத்தி, பற்றரியின் மைனஸ் முனையைக் கழற்றுவதே வழக்கம். எயார்பேக் விரிந்தால் உள்ளே வெள்ளைத்தூள் புகை மாதிரிப் பரவும். தீ என்று பயந்து காயப்பட்டவரை அவசரமாக இழுப்பவர்கள் உண்டு. விரியாத எயார்பேக்கின் முன்னால் தலையை நீட்டி வேலை செய்யக்கூடாது. கண்ணாடியையும் கவனித்து எழுதுங்கள்: பக்கக் கண்ணாடியை மூலையில் அடித்தால் சிறு மணிகளாகச் சிதறும், முன்கண்ணாடி சிலந்திவலை போல விரிசல் விட்டு அப்படியே நிற்கும்.