கழுத்துல பொரிப்பொரியா வர்றவருக்கு எந்த ரேசர்?

தண்டையார்பேட்டை சகோ, தாடி கம்பி மாதிரி, மூணு பிளேடு போட்டா கழுத்து சிவந்து பொரிப்பொரியா வருதுன்னு கேட்டிருந்தீங்க.

மூணு பிளேடு முடியை இழுத்துத் தோலுக்குக் கீழயே வெட்டிடும். முரட்டு முடி திரும்ப வளரும்போது உள்ளயே சுருண்டு குத்தும். உங்களுக்கு ஒத்தை பிளேடுதான் சரி. சீப்பு மாதிரி பல் வெச்ச ஓப்பன் கோம்ப் வேணாம். விளிம்பு மூடின, பிளேடு கொஞ்சமா வெளிய தெரியற மைல்டு ரேசர் பாருங்க. காசு இருந்தா மெர்க்கூர் 34சி. முரட்டு முடிக்கு ரேசர் சாதுவா இருக்கணும், பிளேடு கூர்மையா இருக்கணும். மொட்டை பிளேடுதான் தோலைக் கிழிக்கும். நாலஞ்சு ஷேவுக்கு மேல ஓட்டாதீங்க.

நம்ம ஏரியா போர் தண்ணி உப்பா இருந்தா நுரையே நிக்காது. மெட்ரோ வாட்டர் ஒரு சொம்பு சுடவெச்சு, தாடியை ரெண்டு மூணு நிமிஷம் ஊறவிடுங்க. கைப்பிடியோட கனமே போதும், அழுத்தாதீங்க. கழுத்துல முடி பக்கவாட்டுலயும் வளரும். தடவிப் பார்த்து, வளர்ற திசையிலயே இழுங்க. எதிர்த்து இழுக்கவே வேணாம், கொஞ்சம் சொரசொரன்னு இருந்தா இருக்கட்டும்.

இப்பவே சீழ் வெச்சிருந்தா ஷேவிங்கை நிறுத்திட்டு ஸ்டான்லி ஆஸ்பத்திரி தோல் ஓபில காட்டிடுங்க.